பெயரில்லாத கள்ளியும் ஒட்டவைத்த பூவும்

அழகுச் செடிகள் வாங்குவதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கள்ளிச்செடிகளைப் பற்றியவை. அவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: 350 ரூபாய்க்கு ஓர் உருண்டைக் கள்ளி வாங்கினேன். உச்சியில் மஞ்சள் பூ. மூன்று மாதமாக வாடவேயில்லை. உயர்ந்த இனமா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. பெரும்பாலான கள்ளிப்பூக்கள் ஓரிரு நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் சுருங்கிவிடும். மூன்று மாதம் நிற்பது உலரவைத்த வேறு செடியின் பூ. இதழை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் கண்ணாடிபோல ஒரு சொட்டுப் பசை உறைந்திருக்கும். அதற்குள் நாலைந்து முட்கள் மடங்கிச் சிக்கியிருக்கும்.

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கோபம் எனக்குத் தணிவதில்லை. உருண்டைக் கள்ளிக்கு உச்சிதான் உயிர்நிலை. புது முள்ளும் புதுச் சதையும் அங்கேதான் பிறக்கும். அந்த இடத்தில் உருக்கிய பசையைச் சூடாக ஊற்றுகிறார்கள். செடி வெந்து வடுவாகிறது, சில செடிகள் அங்கிருந்தே அழுகுகின்றன. வண்ணம் பூசுவதும் இதே குற்றம்தான். பூச்சு வெளிச்சத்தை மறைத்துச் செடியைப் பட்டினி போடுகிறது. மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பசையால் ஒட்டுவது இன்னும் மோசம். தண்ணீர் சரியாக இறங்காது, மண்ணின் ஈரத்தையும் தொட்டுப் பார்க்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செடிக் கண்காட்சியில் 600 ரூபாய் கொடுத்து அப்படிப்பட்ட தொட்டி ஒன்றை நானே வாங்கினேன். பத்தாம் நாள் தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கற்பலகைக்குக் கீழே பழுப்புநிறக் கூழ், புளித்த வாடை. "தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள்" என்றார் விற்றவர். நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றியிருக்கவில்லை. அழுகிய செடியை மூடித்தான் அந்தக் கற்களை ஒட்டியிருந்தார்கள். அந்த வாடையை இன்றும் மறக்க முடியவில்லை.

உங்கள் செடிக்கு வருவோம். பூவைப் பிடித்து இழுக்காதீர்கள், உச்சி பிய்ந்து வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பசையின் ஓரங்களில் ஒற்றுங்கள். பிடி தளர்ந்தால் எடுத்துவிடுங்கள். தளராவிட்டால் இதழ்களை மட்டும் கத்தரித்துவிட்டுப் பொறுத்திருங்கள், வளர வளரச் செடியே பசையை ஒதுக்கித் தள்ளும். ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். 350 ரூபாய்தானே என்று விடாதீர்கள். எல்லோரும் அப்படி விடுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

கேள்வி: பச்சைத் தண்டின்மேல் சிவப்பு உருண்டை உள்ள கள்ளி. உருண்டை நன்றாக இருக்கிறது, தண்டு மஞ்சளாகிச் சுருங்குகிறது. என்ன நோய்? (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் வாங்கியது ஒரு செடி அல்ல, இரண்டு. மேலே இருப்பது ஜிம்னோகலிசியம் மிஹனோவிச்சி என்ற தென் அமெரிக்கக் கள்ளியின் பச்சையம் இல்லாத பிறழ்வு. 1940-களில் ஜப்பானில் இதை ஒட்டுக்கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க இதற்கு வழியில்லை. கீழே இருக்கும் மூன்று பட்டைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழ இனத்துச் செடி. அதுதான் இரண்டுக்கும் சேர்த்து உணவு தயாரிக்கிறது, சில ஆண்டுகளில் ஓய்ந்தும் போகிறது.

தண்டு மெத்தென்று இருந்தால் அது அழுகல். உடனே சிவப்பு உருண்டையை வெட்டியெடுத்து, நல்ல டிராகன் பழத் தண்டு ஒன்றில் புதிதாக ஒட்டுக்கட்டினால்தான் பிழைக்கும். அதை மண்ணில் நட்டுப் பயனில்லை. இந்தச் செடியை விற்பது தவறில்லை. "இது ஒட்டுச்செடி, ஆயுள் குறைவு" என்று சொல்லாமல் விற்பதுதான் தவறு.

கேள்வி: தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் அடிப்பகுதி கருத்துக் குழைகிறது. உரம் போடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரையும் நிறுத்துங்கள்.

கேள்வி: அடித்தண்டு பழுப்பாக, மரப்பட்டைபோல மாறுகிறது. பரவுமா?

பதில்: அழுத்திப் பாருங்கள். கட்டியாக இருந்தால் அது வயது, நோயல்ல. அமுங்கினால் அழுகல். அப்போது கொதிநீரில் கழுவிய கத்தியால் அழுகலுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம் வரும்வரை சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டே போங்கள். பிறகு மேல்துண்டை நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயவிட்டு, உலர்ந்த மணற்கலவையில் வையுங்கள்.

கேள்வி: 'ஆப்பிரிக்கக் கள்ளி' என்று 1,200 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று மூலைத் தண்டு, ஓரங்களில் குட்டி இலைகள். கிளை ஒடிந்து பால் வடிந்தது. குழந்தை தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கி, இரண்டு நாள் அவதி. (தாய் ஒருவர், கோவில்பட்டி)

பதில்: முதலில் குழந்தையைக் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இனி எப்போதாவது அப்படி நேர்ந்தால் ஓடும் நீரில் 15, 20 நிமிடம் கண்ணைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

உங்கள் வர்ணனைப்படி அது யூபோர்பியா ட்ரைகோனாவாக இருக்கவேண்டும். கேக்டஸ் குடும்பமே அல்ல. நம் மொழியில் 'கள்ளி' என்ற ஒரே சொல் இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக நிற்பது விற்பவருக்கு வசதியாகிவிட்டது. சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் யூபோர்பியா, சப்பாத்திக்கள்ளிதான் கேக்டஸ். பாலை மட்டும் வைத்து முடிவுசெய்யவும் முடியாது, சில மாமில்லாரியா கேக்டஸ்களும் வெள்ளைப் பால் வடிக்கும். முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸ் என்றால் ஒவ்வொரு முட்கொத்தும் பஞ்சுவைத்ததுபோன்ற சிறு திண்டிலிருந்து கிளம்பும். யூபோர்பியாவில் அந்தத் திண்டு இருக்காது.

கள்ளிப்பால் என்ன செய்யும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எச்சரிக்காமல் குழந்தை இருக்கும் வீட்டுக்கு விற்றிருக்கிறார்கள். ரசீதையும் மருத்துவச் சீட்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: வீட்டில் வைக்கும் செடிக்குப் பெயர் எதற்கு? நன்றாக இருந்தால் போதாதா? (வாசகர், மதுரை)

பதில்: போதாது. 1795-இல் செஞ்சாயம் தரும் உயர்ரகக் கள்ளிப்பூச்சி என்று நம்பி பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வந்ததோ மட்டமான வேறு இனம். சாயத்துக்கு உதவவில்லை, தான் உண்ணும் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அழித்தது. சரி, கள்ளியை ஒழிக்கவாவது பயன்படட்டும் என்று 1860-களில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தால், இங்கும் அந்த ஒரு வகையைத்தான் அழித்தது, நம் வேலிகளில் பெருகியிருந்த வேறு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது சீண்டவில்லை. அதற்கான பூச்சி 1926-இல்தான் இலங்கையிலிருந்து வந்தது. இனம் ஒன்று மாறினாலே கணக்கு இவ்வளவு தூரம் பிசகுகிறது. எந்த இனம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வெயில், எவ்வளவு நீர் என்று தெரியும். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் 12 கள்ளிகள் 499 ரூபாய். எட்டு அழுகி வந்தன. படம் எடுக்கவில்லை, ரசீதையும் அழித்துவிட்டேன், செடிகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எதை வைத்துக் கேட்பீர்கள்?

கேள்வி: பேத்தி ஆசைப்பட்டாள் என்று 'வானவில் கள்ளி விதை' 100 வாங்கினேன். முளைத்ததெல்லாம் புல். அவள் தினமும் வந்து பார்க்கிறாள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, விளம்பரத்தில் காட்டுவதுபோல் ஒரு கள்ளி இல்லை. பிரேசிலின் சில தூண்கள்ளிகள் மெழுகுப் பூச்சால் நீலம் பாரித்திருக்கும், அவ்வளவுதான். ஒரே செடியில் சிவப்பும் ஊதாவும் நீலமும் பட்டை பட்டையாக இருந்தால் அந்தப் படத்தில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

விளம்பரப் படம், ரசீது, முளைத்த புல்லின் படம் மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணிநேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். தீராவிட்டால் தஞ்சாவூரிலிருந்தே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

பேத்திக்கு டிராகன் பழம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கறுப்பு விதைகளைச் சதை போகக் கழுவி, ஈர மணலில் தூவச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு தடித்த விதையிலைகளுக்கு நடுவே முடிபோன்ற முட்களோடு ஒரு குருத்து தலைகாட்டும். அது உண்மையான கேக்டஸ்.