பள்ளிக்கூடத்துக்கு எடுத்த விழா

அன்புள்ள ஐயா,

சிகாகோவில் பில்சன் பகுதிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 18ஆவது தெருவை ஒட்டிய புதிய அடுக்ககத்தில் இருக்கிறோம். முன்பெல்லாம் இந்தப் பகுதியைப் பற்றிப் பயமுறுத்துவார்களாம். இப்போது நன்றாக மாறிவிட்டது. கோடையில் செர்மாக் சாலையில் நடக்கும் ஃபியெஸ்டா டெல் சோல் என்னும் மெக்சிகோ திருவிழாவுக்குப் போனோம். மரியாச்சி இசை, நாட்டுப்புற நடனம், சுட்ட சோளம், குழந்தைகளுக்கு ராட்டினம். எத்தனை வண்ணங்கள்! திரும்பி வரும் வழியில் என் எட்டு வயது மகள், "அப்பா, நம் விழாவை ஏன் தெருவில் கொண்டாடுவதில்லை?" என்று கேட்டாள். எங்கள் பொங்கல் விழா வாடகைக்கு எடுத்த பள்ளி அரங்கத்துக்குள் நடக்கிறது. அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

எனக்குச் சில ஐயங்களும் உண்டு. நிறுவனங்கள் விளம்பரக் கூடாரம் போடும் ஒரு விழாவைப் பண்பாட்டு விழா என்று சொல்லலாமா? குடியேறிய நாட்டில் பழைய நாட்டின் கொடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது தனித்து நிற்பதாகாதா? இந்தப் பெருமிதம் என் மகளுக்கும் வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது, வேண்டாம் என்று இன்னொரு மனம் சொல்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., சிகாகோ

அன்புள்ள ர.,

சில வாரங்களாகவே பில்சனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தெருவின் விழா மிஞ்சி, அதை எடுத்த மக்கள் மட்டும் மெல்ல மெல்ல அங்கிருந்து போய்விடுவதைப் பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்து வருகிறேன். அந்த நேரத்தில் அந்தத் தெருவிலிருந்தே உங்கள் கடிதம் வந்தது. அதனால் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

சிறிய ஐயங்களை முதலில் முடித்துவிடுவோம். திருவிழா என்றால் கடை இருக்கும். விழாவை நடத்துவது பில்சன் நெய்பர்ஸ் கம்யூனிட்டி கவுன்சில் என்னும் அந்தப் பகுதி மக்களின் அமைப்பு. 1954இலிருந்து இயங்கி வருகிறது. விழாவில் திரளும் பணம் அவர்களுடைய பகுதிப் பணிகளுக்கும் மாணவர்களின் கல்வி உதவிக்கும் போகிறது. உள்ளே நுழைய ஒரு காசு வாங்குவதில்லை. நான்கு நாட்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் வருவதாகச் சொல்கிறார்கள்; அத்தனை பெரிய கூட்டத்தில் மது விற்பனை கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? விற்றால் எவ்வளவு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இது குழந்தை குட்டிகளோடு வருகிற குடும்பங்களின் விழா என்று முடிவு செய்தார்கள், அந்த முடிவில் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் வணிகமயம் என்று பேச எனக்கு வாய் வராது.

கொடியைப் பற்றிய கேள்வி தேவையற்றது. நீங்கள் விழா பார்த்த சாலைக்கு ஆன்டன் செர்மாக்கின் பெயர். இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியாவில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்து, 1931இல் சிகாகோவின் மேயரானவர் அவர். பில்சன் என்ற பெயரே செக் குடியேறிகள் தாங்கள் விட்டுவந்த நகரத்தின் நினைவாக வைத்தது. 1892இல் எழுந்த அவர்களுடைய தாலியா ஹால் என்னும் அரங்கம் இன்றும் 18ஆவது தெருவில் நிற்கிறது. செக் மக்கள் தங்கள் ஊர்ப் பெயரையே ஒரு பகுதிக்குச் சூட்டியது வரலாறு என்றால், மெக்சிகோ மக்கள் ஒரு கொடியைப் பிடிப்பது மட்டும் எப்படித் தனித்து நிற்பதாகும்? இதை இனி யாரிடமும் கேட்காதீர்கள்.

என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு வரி. "இப்போது நன்றாக மாறிவிட்டது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு நன்றாக?

2000க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் மெக்சிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பில்சனை விட்டுப் போனார்கள். 2022இன் இறுதியில் வீடுகளுக்கு வந்த சொத்துவரிச் சீட்டுகளில், அந்தப் பகுதியின் நடுத்தரமான ஒரு வீட்டுக்கு வரி ஏறத்தாழ 46 சதவீதம் கூடியிருந்தது. தொழிற்சாலையில் உழைத்துக் கடனை அடைத்து முடித்த ஒருவர், சொந்த வீட்டில் குடியிருக்கப் பணம் கட்ட முடியாமல் அதை விற்கிறார். அவருடைய மாடியில் வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பங்களும் அவரோடு வெளியேறுகின்றன. அந்த மனையில்தான் புதிய அடுக்ககம் எழுகிறது. நீங்கள் தீங்கு செய்தீர்கள் என்று சொல்லவில்லை. வேலைக்குப் பக்கத்தில் வீடு தேடினீர்கள், கிடைத்தது, வந்தீர்கள். ஆனால் உங்கள் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று இரண்டு ஆண்டுகளில் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? அத்தனை வண்ணங்களைப் பார்த்த கண் இதைப் பார்க்காமல் விட்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அந்த விழா எதற்காகத் தொடங்கியது என்பதைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. எந்தப் புனிதருக்காகவும் தொடங்கியதல்ல. செப்டம்பரில் வரும் மெக்சிகோ விடுதலை நாளுக்கும், மே மாதத்தில் நினைவுகூரப்படும் பூவெப்லா போர் வெற்றிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஓர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்காக எடுத்த விழா.

கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இலினாய் பல்கலைக்கழகம் 1965இல் சிகாகோவில் புதிய வளாகத்தைத் திறந்தது. அதற்காக நகர மையத்துக்கு மேற்கே இருந்த குடியிருப்புகளை இடித்திருந்தார்கள். இத்தாலியர்கள், கிரேக்கர்கள், மெக்சிகோக்காரர்கள் என்று பலரும் தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. வீடிழந்த மெக்சிகோக் குடும்பங்களில் பல தெற்கே நகர்ந்து பில்சனுக்கு வந்தன. அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கென்று ஓர் உயர்நிலைப் பள்ளி இல்லை. ஃப்ரோபெல் என்ற பழைய கட்டடத்தில் உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு, பிறகு பகுதிக்கு வெளியே இருந்த ஹாரிசன் பள்ளி. நெரிசலான வகுப்புகள், பிள்ளைகளின் மொழி தெரியாத ஆசிரியர்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள் ஏராளம். பல்கலைக்கழகத்துக்காக வீட்டைப் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசல்வரை கொண்டுபோய்விட ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

தாய்மார்கள் இறங்கினார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள், அதிகாரிகளின் அறைகளில் காத்திருந்தார்கள், சாலையில் நின்றார்கள். புதிய பள்ளி என்ற கோரிக்கை வென்றதைக் கொண்டாட 1972இல் தெருவை அடைத்து நடத்திய அண்டை வீட்டார் கூடல்தான் முதல் ஃபியெஸ்டா டெல் சோல். அதை முன்னின்று தொடங்கியவர்களில் குவாதலூப்பே ரேயஸ் என்ற தாயும் ஒருவர். மாற்றுத்திறனாளியான தன் மகனுக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் வழி தேடி, அடுத்த ஆண்டே எல் வாலோர் என்ற அமைப்பைத் தொடங்கியவர்.

விழா எடுத்தார்களே தவிர, பள்ளி திறக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. இடையில், 1973இல், ஃப்ரோபெலில் மாணவர்களும் பெற்றோர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன. பெனித்தோ ஹுவாரெஸ் உயர்நிலைப் பள்ளி 1977இல் திறந்தது. அதை வடிவமைக்க அவர்கள் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ். மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தையும் அஸ்டெக்கா விளையாட்டரங்கத்தையும் வடிவமைத்தவர். இறைச்சிக்கூடங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு நாட்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெருமிதம் எந்தக் குழந்தைக்கும் கேடு செய்யாது.

சிகாகோவுக்குப் போயிருந்தபோது ஹாரிசன் பூங்காவில் இருக்கும் தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனேன். கார்லோஸ் டோர்டொலேரோ என்ற பள்ளி ஆசிரியரும் அவருடைய சக ஆசிரியர்களும் 1982இல் தொடங்கிய அமைப்பு அது. 1987இல் இந்தக் கட்டடத்தில் கதவு திறந்தது. அன்று முதல் நுழைவு இலவசம். அங்கே ஒரு பெஞ்சில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். 18ஆவது தெருவில் எங்கே சாப்பிடலாம் என்று நான் கேட்டதற்கு, "சாப்பாடு பிறகு, முதலில் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்" என்று எழுந்துவிட்டார். மறுக்க வழியில்லை. வெயிலில் மெதுவாக நடந்தோம். விடுமுறைக் காலம், வாசல் பூட்டியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவருடைய அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று ஒரு மிட்டாய் ஆலைக்கு வேலைக்குப் போனவர். இவர் ஹுவாரெஸ் பள்ளி திறந்த புதிதில் அங்கே படித்தவர். பிறகு தம்பி, பிறகு மகள்கள், பிறகு அக்காவின் பேத்தி. ஒவ்வொருவராகச் சொல்லி, என்ன படித்தார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் சொன்னார். அக்கா பேத்தியின் பட்டமளிப்புக்கு வந்து அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து அழுதாராம். நடனம், உடை, உணவு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. அவரிடம் காட்ட இருந்தது அந்தக் கட்டடம்தான்.

அவர் இப்போது பில்சனில் இல்லை. வாடகை கட்ட முடியாமல் மேற்கே சிசரோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விழா நாட்களில் பஸ் பிடித்து வந்து தன்னார்வலராக நிற்கிறார்.

காசா அஸ்ட்லான் கட்டடத்தையும் நீங்கள் கடந்திருப்பீர்கள். ரசீன் சாலையில், செக் குடியேறிகளுக்கென்று தொடங்கி, பிறகு மெக்சிகோக் குடும்பங்களின் சமூகக் கூடமாக ஆனது. ஆங்கில வகுப்பும் குழந்தைகளுக்கு மாலைப் பாடமும் அங்கே நடந்தன. 1970களில் ரே பட்லான் அதன் முகப்பில் சுவரோவியங்கள் தீட்டினார். கடனில் கட்டடம் கைமாறியது. 2017இல் புதிய உரிமையாளர் அந்த ஓவியங்கள் மேல் சாம்பல் நிறம் பூசிவிட்டார். பகுதியே கொதித்தது. எதிர்ப்பைக் கண்டு, அதே பட்லானை அழைத்து மீண்டும் வரையச் சொன்னார்கள். அவரும் இளம் ஓவியர்களோடு வந்து வரைந்தார். படம் திரும்பிவந்தது, கூடம் வரவில்லை. உள்ளே இப்போது வாடகைக்கு விடும் அடுக்ககங்கள். சுவரில் மெக்சிகோவின் புரட்சித் தலைவர் ஸபாட்டாவையும் ஓவியர் ஃப்ரீடாவையும் பார்த்துப் படமெடுக்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். அந்தக் கதவுக்குள் மாலைப் பாடம் படித்த குழந்தைகள் எங்கே போனார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. என் கோபமெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு சமூகத்தின் நிறத்தையும் இசையையும் சோளத்தையும் விரும்புவது எளிது. விரும்பிய பிறகு அந்தச் சமூகம் அங்கே குடியிருக்க வேண்டும் என்றும் விரும்ப வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் வைத்திருப்பதை நான் அன்பு என்று ஏற்க மாட்டேன். நகரசபையும் ஏற்கக் கூடாது, நிலம் வாங்குகிறவர்களும் ஏற்கக் கூடாது, அங்கே குடிவந்த நீங்களும் ஏற்கக் கூடாது.

2025ஐ நினைத்துப் பாருங்கள். குடியேற்றத் துறையின் கைதுகளுக்கு அஞ்சி அந்த ஆண்டு, பூவெப்லா வெற்றியை நினைவுகூரும் சின்கோ டெ மாயோ ஊர்வலத்தை அமைப்பாளர்கள் கைவிட்டார்கள். கிராண்ட் பூங்காவில் செப்டம்பரில் விடுதலை நாளுக்காக நடக்க வேண்டிய எல் கிரிட்டோ விழாவைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் பில்சனின் விடுதலை நாள் ஊர்வலம் 18ஆவது தெருவில் நடந்தது. அதிகாரிகள் வந்தால் ஊதி எச்சரிப்பதற்காகத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் ஊதல்களை வழங்கினார்கள். குழந்தைகள் அலங்கார வண்டிகளில் விழா உடை அணிந்து போனார்கள், பெரியவர்கள் ஊதலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நீங்கள் அப்போது அங்கேதான் இருந்திருப்பீர்கள். சன்னலிலிருந்தாவது பார்த்தீர்களா?

உங்கள் மகளை மறந்துவிடவில்லை. நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பொங்கலைத் தெருவில் வைப்பதா அரங்கத்தில் வைப்பதா என்பதை நீங்களே கூடிப் பேசிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவளிடம் அந்தத் தாய்மார்களின் கதையைச் சொல்லுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே புரியும். அவளும் பள்ளிக்கூடம் போகிறவள்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுவாரெஸ் பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டிப்போங்கள்.

பிறகு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வாடகை, சொத்துவரி பற்றி உங்கள் பகுதியில் கூட்டங்கள் நடக்கும். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், முதல் ஆறு மாதங்கள் பேசாதீர்கள், கேளுங்கள். உங்கள் தெருவில் ஒருவர் வீட்டை விற்காமல் இருக்க வரி முறையீட்டு மனு எழுத வேண்டியிருக்கும்; உங்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் நன்றாக வரும். அடுத்த கோடையில் விழாவுக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுவார்கள். கூடாரம் கட்ட, தண்ணீர் தூக்க, இரவில் செர்மாக் சாலையைக் கூட்ட ஆள் வேண்டும். பெயர் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.