கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்கு கூகுள் ஃபார்ம் உருவாக்கி, 150 பேரிடம் விரைவாகப் பதில் பெறுவது எப்படி?

உங்கள் கேள்வியில் இருந்த "விரைவாக" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. நீங்கள் இறுதியாண்டு மாணவராக இருக்கக்கூடும். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமோ நான்கு வாரமோ மீதமிருக்கலாம். 150 என்ற எண்ணை உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார், ஏன் 150 என்று நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. அதனால் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம். பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தேடி வந்தவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூகுள் கணக்கில் நுழைந்து, ஃபார்ம்ஸ் பக்கத்தில் வெற்றுப் படிவம் ஒன்றைத் திறந்து, கேள்விகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பதில்கள் வந்து விழுவதற்கு ஒரு கூகுள் ஷீட்டையும் இணைத்துக்கொள்ளலாம். பகிரும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். முகவரிப் பட்டையில் தெரிவது நீங்கள் படிவத்தைத் திருத்துவதற்கான இணைப்பு. பிறருக்கு அனுப்ப வேண்டியது அதற்கென்று தனியாகக் கிடைக்கும் வேறோர் இணைப்பு. என் வகுப்புத் தோழி ஒருத்தி முதலாவதை நகலெடுத்து ஐந்தாறு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டாள். அன்று மாலைவரை அவளுக்கு ஒரு பதிலும் வரவில்லை. அனுமதி கேட்கும் மின்னஞ்சல்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் வந்து குவிந்தன.

இனி என் கதை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் எம்.பி.ஏ. இறுதிப் பருவத்தில் இருந்தேன். ஊர் திருப்பூர் என்பதால், பின்னலாடை நிறுவனத் தொழிலாளர்களின் பணி மனநிறைவு என்று தலைப்பு எடுத்திருந்தேன். கொரோனாக் காலமாதலால் நேரில் போக வேண்டாம், இணையவழியிலேயே தரவு திரட்டுங்கள் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேனா என்பது ஐயந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே 150 பேரைப் பிடித்துவிடலாம் என்பது அப்போது வரமாகவே தோன்றியது. பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்த வினாக்களைத் தமிழாக்கி, 32 கேள்விகள் கொண்ட படிவமொன்றைச் செய்தேன். எங்கள் தெருவில் குடியிருந்த சூப்பர்வைசர் அண்ணன், அத்தை மகன், தோழியின் அப்பா எனத் தெரிந்தவர்கள் வழியாகக் கம்பெனி வாட்ஸ்அப் குழுக்களுக்கு இணைப்பு போய்ச் சேர்ந்தது. நான்கே நாளில் 163 பதில்கள். வழிகாட்டிக்குத் திரைப்பிடிப்பு அனுப்பிப் பாராட்டும் வாங்கிவிட்டேன்.

ஷீட்டைத் திறந்து வரிவரியாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். 'உங்கள் மாத வருமானம்' என்ற நெடுவரிசையில் மேலிருந்து கீழாக இருந்தவை இவை: 3200, 12000, 'வாரம் மூனாயிரம்', 'பீஸ் ரேட்', 'சிப்ட்டுக்கு 450', 3500, 'சனிக்கிழமை பாத்துதான் சொல்லணும்'. திருப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சம்பளம் சனிக்கிழமைதோறும் கைக்கு வருவது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், எங்கள் வீட்டு மளிகைக் கடனே சனிக்கிழமை இரவுதான் அடையும். ஆனால் படிவம் செய்ய உட்கார்ந்தபோது பாடப்புத்தகத்தின் மாத வருமானம்தான் விரலில் வந்தது. 3200 என்று எழுதியவர் வாரக் கூலியைச் சொன்னாரா, அந்த மாதம் அவ்வளவுதான் வேலை கிடைத்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை. 'நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்' என்ற கேள்விக்கும் இதே கதிதான். அங்கே மணிக்கணக்கில் யாரும் பேசுவதில்லை. ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்றுதான் பேச்சு. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருபவர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர். '1.5' என்று பதில் எழுதியிருந்த 19 பேரையும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமே உழைப்பவர்களாக எடுத்துக்கொண்டு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் எனக்குச் சராசரி போட்டுக் கொடுத்தது.

பதில் வந்த நேரத்தைக் காட்டும் நெடுவரிசையில் இன்னொன்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 11.42 முதல் 12.05 வரை 21 பதில்கள், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று வீதம். எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்டிருந்த 18 கூற்றுகளுக்கும் 21 பேரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்'. சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். "பசங்களுக்கு ஏது கண்ணு நேரம்? உனக்கு நூத்தம்பது வேணும்னியே, நானே உக்காந்து போட்டு உட்டுட்டேன்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எண்ணிக்கைதான் கேட்டிருந்தேன், எண்ணிக்கையைத்தான் கொடுத்தார். மீதியில் எங்கள் வகுப்பு நண்பர்கள் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் படிவத்தை மற்றவர் நிரப்புவது எங்களுக்குள் மொய் எழுதுவதைப் போல. வைத்தவருக்குத் திருப்பி வைத்தாக வேண்டும். அந்தப் பருவத்தில் நானே வங்கி வாடிக்கையாளராகவும், சொந்தமாகக் கார் வைத்திருப்பவராகவும், இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகவும் வெவ்வேறு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறேன். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் ஊரெங்கும் இருக்க, தமிழில் மட்டும் இருந்த என் படிவத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

இவையெல்லாம் மதிப்பெண்ணோடு போகக்கூடிய பிழைகள். அடுத்தது அப்படிப் போகவில்லை. பதிலளித்தவர்கள், மற்ற எல்லாருடைய பதில்களின் சுருக்கத்தையும் பார்க்கலாம் என்றொரு தெரிவு அமைப்புகளில் உண்டு. நாமாக இயக்காதவரை அது அணைந்தே இருக்கும். அவரவர் கொடுத்த பதிலை அவரவர் சரிபார்த்துக்கொள்ளத்தான் அது என்று எண்ணி நான் அதைக் குறியிட்டு வைத்திருந்தேன். அதனால், படிவத்தை நிரப்பி அனுப்பிய எவரும் மற்றவர்கள் கைப்பட எழுதிய பதில்களையும் திரையில் ஒருமுறை தட்டினாலே பார்க்க முடிந்தது. என் படிவத்தின் முதல் இரண்டு கேள்விகள் பெயரும் அலைபேசி எண்ணும். கடைசிக் கேள்வி, 'உங்கள் நிறுவனத்தில் நீங்கள் காணும் குறைகள்'. ஐந்தாம் நாள் காலை, செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா அழைத்தார். கம்பெனிக்குள்ளிருந்தே பேசினார் போலும்; ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். "ஏன் அம்மிணி, நான் போட்ட நம்பரு எல்லாத்துக்கும் தெரியுதாமா? பாத்ரூம் போனா நேரம் பாக்குறாங்கன்னு எழுதுனது நாந்தான்னு கண்டுபுடிச்சுட்டாங்க."

உடனே அந்தக் குறியை நீக்கிப் படிவத்தை மூடினேன். அவருடைய பதிலைப் படிவத்திலும் ஷீட்டிலும் தனித்தனியாக அழிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்தில் அழியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். திருப்பூரில் கம்பெனி மாறுவது அன்றாடம் நடப்பதுதான், உன் படிவத்தால்தான் என்று எப்படிச் சொல்வாய் என்று என்னைத் தேற்றியவர்கள் உண்டு. நான் தேறவில்லை.

ஆகவே, பெயரும் எண்ணும் உங்கள் பகுப்பாய்வில் எந்த அட்டவணைக்கும் போகப் போவதில்லை என்றால் அவற்றைக் கேட்கவே கேட்காதீர்கள். இந்த விவரம் எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்ற மூன்றையும் படிவத்தின் முகப்பில் எளிய தமிழில் எழுதி, ஒப்புதல் கேள்வியை முதலாவதாக வையுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மாணவர் ஆய்வுக்கெல்லாம் அது பொருந்துமா என்று பின்னூட்டத்தில் சட்டம் பேச வருவோர் பேசட்டும்; நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை, அந்த அக்காவின் அழைப்புக்காகச் சொல்கிறேன்.

163இல் நம்பத்தக்கவையாகத் தேறியவை 60க்கும் கீழ். இருப்பதை வைத்து முடித்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் வழிகாட்டி. ஆய்வேட்டின் கறுப்பு அட்டைக்கும் தங்க எழுத்துக்கும் காட்டும் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தரவுக்குக் காட்ட ஆளில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை; இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் இல்லை என்று என் ஏட்டைத் திருப்பி அனுப்பியவர்கள், மூலத் தரவைக் காட்டு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆசிரியர்களைப் பழிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் தலையில் இருபது மாணவர்களைக் கட்டினால் அவரும்தான் என்ன செய்வார்.

படிவத்தை மறுபடி எழுதினேன். 32 கேள்விகள் 14 ஆயின. மாத வருமானம், 'போன சனிக்கிழமை கையில் வாங்கியது எவ்வளவு?' என்று மாறியது. வேலை நேரம், 'போன வாரம் எத்தனை ஷிப்ட் பார்த்தீர்கள்?' என்றானது. 'சம்பளமும் வேலைச் சூழலும் நிறைவாக உள்ளனவா' என்பதைப் போன்ற இரட்டைக் கேள்விகளை உடைத்தேன். சம்பளம் பிடித்துச் சூழல் பிடிக்காதவர் அதற்கு என்னவென்று பதில் சொல்வார்? கட்டம் கட்டமாக அடுக்கும் கேள்வி வகையை அறவே விட்டேன். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் ஐந்து நெடுவரிசைகள் சிறிய அலைபேசியில் பக்கவாட்டில் தள்ளினால்தான் முழுதாகத் தெரியும். 'முற்றிலும் மறுக்கிறேன்' திரைக்கு வெளியே ஒளிந்துகொண்டிருந்ததால், அப்படியொரு வாய்ப்பு இருந்ததே பலருக்குத் தெரியவில்லை. ஒருவருக்கு ஒரு பதில் மட்டும் என்ற கட்டுப்பாட்டையும் வைக்கவில்லை. அதை வைத்தால் பதிலளிப்பவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். செல்போன் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த கணக்கின் கடவுச்சொல் அவர்களில் பலருக்குத் தெரியாது.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், முகக்கவசத்தோடு, தோழியையும் கூட்டிக்கொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். கல்லூரியின் சொல்லை மீறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இணைப்பை யாருக்கும் அனுப்பவில்லை. என் அலைபேசியில் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கேள்வியைப் படித்துக் காட்டி, அவர்கள் சொன்னதை நானே தட்டினேன். தோழிக்கு இந்தி தெரிந்திருந்ததால் வடமாநிலக் குடும்பங்கள் சிலவற்றிடமும் பேச முடிந்தது. எல்லாம் சேர்ந்து 96 பேர். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், 150 என்று திட்ட முன்மொழிவில் எழுதிவிட்டு 96 ஏன் என்றார். முதல் 163இன் கதையைச் சொன்னேன். அந்த ஷீட்டைக் காட்டச் சொல்லி, ஒன்றரை மணி நேரத் தொழிலாளர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். மதிப்பெண் நடுத்தரமாகத்தான் வந்தது.

இப்போது உங்கள் 150க்கு வருகிறேன். உங்கள் முன்மொழிவில், எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் டாரோ யமானேயின் சூத்திரம் ஏறக்குறைய உறுதியாக இருக்கும். மொத்தம் 1000 பேர், பிழை 5 விழுக்காடு என்றால் 286 பேர் வேண்டும் என்று அது சொல்லும். அந்த 1000 பேரில் எவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு சமமாக இருக்கும்போதுதான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் போட்ட இணைப்பு, குழுவில் இருப்பவரை, அதிலும் நேரமும் மனமும் உள்ளவரை மட்டுமே பிடிக்கும். அமெரிக்காவில் 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லேண்டன்தான் குடியரசுத் தலைவர் ஆவார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 20 லட்சத்துக்கே அந்தக் கதி என்றால், நம் 150ஐ, எளிதில் கிடைத்தவர்களை மட்டும் கேட்ட 'வசதிக்கேற்ற மாதிரி' (convenience sample) என்று ஏட்டில் வெளிப்படையாக எழுதிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூகுள் ஃபார்மைக் குறைசொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இலவசக் கருவி, எளிய கருவி, மாணவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். இன்று நான் கள ஆய்வையே தொழிலாகச் செய்கிறேன். எங்கள் குழு பயன்படுத்துவது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வுப் பிரிவில் உருவான கோபோ டூல்பாக்ஸ். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே என்ற திறமூலக் கருவியின் வழிவந்தது அது. சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பியவற்றை அலைபேசியிலேயே சேமித்து, பிறகு இணையம் கிடைக்கும்போது அனுப்பலாம். ஒரே படிவத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைத்து, எதிரில் இருப்பவருக்கேற்ப மொழியை மாற்றிக்கொள்ளலாம். 2021இல் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

எந்தக் கருவியானாலும், ஊருக்கு அனுப்புமுன் ஐந்து பேரிடம் நேரில் கொடுத்து, அவர்கள் நிரப்புவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்தக் கேள்வியில் விரல் நிற்கிறது, எதற்கு உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் உங்கள் படிவத்தின் இணைப்பை எனக்கும் அனுப்புங்கள், திருத்தும் இணைப்பை அனுப்பிவிடாமல். நிரப்பிப் பார்த்து எங்கே தடுக்கிறது என்று சொல்கிறேன். என் வரியை மட்டும் பிறகு மறக்காமல் இரண்டு இடத்திலும் அழித்துவிடுங்கள்.