மலேரியா தொற்றை ஆன்டிபாடி எப்படித் தடுக்கிறது?

ஆன்டிபாடி என்பது, குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் புரதம். அனாபிலிஸ் பெண் கொசு கடிக்கையில் தோலில் இறங்கும் ஒட்டுண்ணி, ரத்தம் வழியாகப் போய்க் கல்லீரல் செல்லுக்குள் புகப் பார்க்கும். அதன் மேலுறைப் புரதத்தில் ஆன்டிபாடி போதிய அளவு அப்பிக்கொண்டால் நகரவும் திணறும், நுழையவும் திணறும். சாவியின் பல்லில் மெழுகு அப்பியிருந்தால் பூட்டுக்குள் போகாதே, அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2021, 2023-இல் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் இந்த உறைப் புரதத்தைத்தான் குறிவைக்கின்றன.

அவகாசம் மிகக் குறைவு என்பதுதான் சிக்கல். ஒரே ஒரு ஒட்டுண்ணி தப்பினாலும் கல்லீரலில் ஆயிரக்கணக்கில் பெருகி, ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். சிவப்பணுவுக்குள் ஒளிந்துவிட்டால் ஆன்டிபாடி உள்ளே போகாது. அந்தச் சிவப்பணு வெடித்து, ஒட்டுண்ணி அடுத்த சிவப்பணுவுக்குத் தாவும் சில நிமிடங்களில் மடக்க வேண்டும்.

ஒருமுறை மலேரியா வந்தால் மறுபடி வராது என்று நினைப்பது தவறு: ஒட்டுண்ணி தன் புரதங்களை மாற்றிக்கொள்ளும், ஆன்டிபாடியும் நாளடைவில் குறைந்துவிடும்.