பச்சைத் தண்ணீர், செத்த மீன், ஆனால் ஆக்சிஜன் 7: கருவி பழுதா?

வணக்கம். மண்டபம் கடற்கரையில் தண்ணீர் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியும், காலை 11 மணிக்கு மேல்நீரில் ஆக்சிஜன் மீட்டர் லிட்டருக்கு 7 மில்லிகிராம் காட்டுகிறது, கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுது என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் மீட்டரில் உப்புத்தன்மை எவ்வளவு என்று பதிந்திருக்கிறது, பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கடல்நீர் சுமார் 6.2தான். உப்பு பூஜ்யம் என்றிருந்தால் அளவு கூடித்தான் வரும்.

அது சரியாக இருந்தால் நேரம்தான் காரணம். அந்தப் பச்சை, நாக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிராக இருக்கலாம். நுண்ணோக்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் எல்லா உயிரும் சுவாசிக்க மட்டுமே செய்யும். அப்புறம் நாக்டிலூகா செத்து அழுகும்போது பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இப்படித்தான் மீன்கள் செத்தன, பவளப்பாறைகளும் அடிபட்டன. அந்தச் சேதத்தை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

ஆகவே விடியுமுன், ஐந்து மணிக்குள் அளவு எடுங்கள். கடலுக்குப் போகிற மீனவர்களிடம் கேட்டால் படகில் இடம் கிடைக்கும். அடிநீர் மாதிரி கட்டாயம் வேண்டும். ஆக்சிஜனை ரசாயனம் சேர்த்து அளக்கும் விங்க்ளர் முறையிலும் சரிபாருங்கள்: குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் படகிலேயே சேர்த்துவிடுங்கள். கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தால் அந்த அளவுக்கு மதிப்பில்லை.