பதிவு பெற்ற கொந்தராத்துக்காரர் என்றால் யார்? மேசனை விட ஏன் கூடக் கேட்கிறார்?

அத்திவாரம் முதல் வர்ணப்பூச்சு வரை முழுப் பொறுப்பும் எடுத்து, மேசன், தச்சர், வயரிங்காரர் எல்லோரையும் தானே வைத்து வேலையை முடித்துத் தருபவர்தான் கொந்தராத்துக்காரர். இலங்கையில் இவர்களைப் பதிவு செய்வது சீடா, அதாவது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை (2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம்). சி1 முதல் சி9 வரை தரங்கள் உண்டு. எண் கூடக் கூட, எடுக்கக்கூடிய வேலையின் பெறுமதி குறையும்.

சரி, தொகை ஏன் கூடுகிறது? கூலியோடு பொறுப்புக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றபின் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வெளியிலிருந்துதான் வருகிறது. நிலையான விலைக்குப் பேசியிருந்தால் சீமெந்து ஏறினாலும், மணல் பிந்தினாலும் நட்டம் அவருக்கு. கல்யாணச் சமையலை மொத்தமாக ஒருவரிடம் கொடுப்பது போலத்தான்: மரக்கறி என்ன விலை விற்றாலும் பந்திக்குச் சோறு வரவேண்டியது அவர் பாடு. அதனால் பேசியதை எழுத்தில் வாங்காமல் ஒரு கல்லும் வைக்க விடாதீர்கள். இதே ஆள் கொழும்பில் வேலை எடுத்தால் தொகை இன்னும் ஏறும். அங்கே மணல் கொட்டவே இடம் கிடைப்பது கஷ்டம், ஆட்களுக்குத் தங்குமிடமும் பார்க்க வேண்டும்.

அப்புறம், பதிவுள்ளவர் கட்டினால் கட்டட அனுமதி தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அதைத் தனியாக எடுத்தே ஆகவேண்டும்.