விடுதியில் மாணவிகள் இரண்டு அணியாகப் பிரிந்து அடித்துக்கொண்டால், சஸ்பெண்ட் செய்வதா, பேசித் தீர்ப்பதா?

நீங்கள் புதிதாக வார்டன் பொறுப்பேற்றவர் என்று நினைக்கிறேன். கல்லூரி முதல்வர் "இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்" என்கிறார். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு யோசனை. அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீலகிரியில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் பல வருடம் துணை வார்டனாக இருந்தேன். என் பதில் இதுதான்: ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்காமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள். சஸ்பென்ஷனும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். கேட்டு முடித்த பிறகு எது வேண்டுமானாலும் செய்யுங்கள்.

உடனே சிலர், "அப்படியானால் ராகிங் செய்தவளோடும் பேசிக்கொண்டிருப்பீர்களா?" என்பார்கள். இல்லை. ராகிங் வேறு, சண்டை வேறு. 1996ல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கென்றே சட்டம் வந்துவிட்டது. இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. புகார் வந்தும் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் உடந்தை என்றே அந்தச் சட்டம் கொள்கிறது. குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் பதிய வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதி. பாலியல் புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். அங்கே புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசப் பேச்சு, அதுவும் பணம் கைமாறாமல். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தாலும் வார்டன் அறையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. நான் சொல்ல வருவது இவை எதிலும் சேராத, விடுதியில் வாராவாரம் வெடிக்கும் சண்டைகளைப் பற்றி.

எங்கள் விடுதியில் நடந்தது வெந்நீர்ச் சண்டை. சமவெளிக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆடி மாதத்தில் சாரலும் மேகமும் மூடி நாள் கணக்கில் சூரியனே தெரியாது, சோலார் ஹீட்டரில் குளிர்ந்த தண்ணீர்தான் வரும். விறகு பாய்லர் ஒன்றே கதி. ஆளுக்கு ஒரு பக்கெட், அதற்கு விடியும் முன்பே வரிசை. முதலாமாண்டு மாணவி ஒருத்தி, கூடலூர்ப் பக்கத்தில் அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்துப் பிள்ளை, இரண்டு பக்கெட்டோடு வந்திருக்கிறாள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த இரண்டாமாண்டுப் பெண் ஒரு பக்கெட்டைக் காலால் தள்ள, வெந்நீர் இவள் பாதத்தில் கொட்டியது. இவள் ஓர் அறை விட்டாள். அன்று மதியத்துக்குள் மெஸ்ஸில் கூடலூர் ஒரு மேசை, சமவெளி ஒரு மேசை என்று விடுதியே இரண்டாகிவிட்டது.

வழக்கமாக இதற்கு ஒரு நடைமுறை இருந்தது. இரண்டு பேரையும் முதல்வர் அறையில் நிறுத்துவது, பெற்றோரை வரவழைப்பது, மன்னிப்புக் கடிதம் வாங்குவது, கைகொடுக்கச் சொல்வது. இந்த முறை கூடுதலாக இரண்டு பேருக்கும் இரண்டு வாரம் சஸ்பென்ஷன் என்று முடிவாகியிருந்தது. எழுத்தில் விளக்கம்கூடக் கேட்கவில்லை. 75 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது என்ற நிலையில் இரண்டு வாரம் என்பது சின்ன விஷயமா? ஆணை போடுமுன் எனக்கு இரண்டு நாள் கொடுங்கள் என்று முதல்வரிடம் கேட்டேன். மனமில்லாமல்தான் சம்மதித்தார்.

ஒவ்வொருத்தியிடமும் நான் கேட்டது: என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, உன்னைத் தவிர வேறு யாருக்கு இதில் பாதிப்பு, இப்போது என்ன நடக்க வேண்டும் என்கிறாய்? சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். ஒருத்தி சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இன்னொருத்தியிடம் கடத்தவில்லை.

ஈரோட்டுப் பெண் சொன்னாள்: "கூடலூர் பிள்ளைங்களுக்கு மட்டும் பாய்லர் அக்கா முன்னாடியே திறந்து விடறாங்க மேடம். நாங்க போறப்ப தண்ணியே இருக்காது." உண்மைதான். அக்காவிடமே போய்க் கேட்டேன். இந்தப் பிள்ளைகள் முந்தின நாள் மாலையே நனையாத விறகைச் சுமந்து வந்து அடுக்கிக் கொடுக்கிறார்கள், அதனால் முதலில் ஊற்றுகிறேன் என்றார். இது வேறு யாருக்கும் தெரியாது. அந்த இரண்டாவது பக்கெட்கூடக் காய்ச்சலில் கிடந்த அறைத்தோழிக்கு.

கூடலூர்ப் பெண் சொன்னதுதான் என்னை உலுக்கியது. காலில் கொட்டியதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. முந்தின இரவு விடுதி வாட்ஸப் குழுவில் ஒருத்தி, "சிலோன்காரிகளுக்குத்தான் முதல் தண்ணி, நமக்கெல்லாம் மிச்சம்" என்று போட்டிருக்கிறாள். அதன் கீழே சிரிப்புப் படங்கள். ஒருத்தியும் தட்டிக் கேட்கவில்லை. "அங்கே தோட்டக்காட்டான்னாங்க, இங்கே சிலோன்காரின்றீங்க, எங்களுக்கு எதுதான் ஊர் மேடம்?" என்றாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை அங்கே இழிவாகச் சொல்வது 'தோட்டக்காட்டான்'. இந்தியாவும் இலங்கையும் 1964ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து இந்தியக் குடிமக்களாகத் திரும்பி வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி அவள். அந்தக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசே இந்த மலையில் தேயிலைத் தோட்டம் போட்டது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளை இதே மாவட்டத்துக் கல்லூரியில் வந்தேறி போல் நடத்தினால் கை நீளத்தான் செய்யும். அறைந்தது சரி என்று சொல்லவில்லை. அதற்கு அவள் எழுத்தில் எச்சரிக்கை வாங்கினாள், பக்கெட்டைத் தள்ளியவளும் வாங்கினாள்.

கவனியுங்கள், அந்தச் செய்தியைப் போட்டவள் சண்டை நடந்த இடத்திலேயே இல்லை. கைகலந்த இருவரை மட்டும் சஸ்பெண்ட் செய்திருந்தால், மூன்றாமவள் பெயரே வெளியே வந்திருக்காது. அவளையும் கூப்பிட்டு, விளக்கம் கேட்டு, அதே குழுவில் அவளே தன் பெயரில் வருத்தம் தெரிவிக்க வைத்தேன். பாய்லருக்கு மாடிவாரியாக முறை போட்டோம், விறகு அடுக்கும் வேலையையும் எல்லா மாடிக்கும் பிரித்தோம். கைகொடுக்கும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. அந்த இரண்டு பேரும் கடைசிவரை தோழிகள் ஆகவில்லை, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காரணத்துக்காக மறுபடி சண்டை வரவில்லை.

"உங்களால்தான் பிள்ளைகளுக்குப் பயமே போய்விட்டது" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னார். பயம் எதற்கு? விசாரிக்காமல் தண்டித்தால் அடுத்த சண்டை வார்டனுக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான்.

பெற்றோரை வரவழைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கூடலூர்ப் பெண்ணின் அப்பா ஒரு நாள் கூலியை விட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் மலையேறி வந்து, வராந்தாவில் மதியம்வரை நின்றார். ஒரு நாற்காலி போட ஆளில்லை. போனில் பேசியிருக்கலாம். இதே நிர்வாகம் சீசனில் பிள்ளைகள் தாமதமாக வந்தால் அபராதம் போடும். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டிச் சாலையில் கார்கள் நகராமல் நிற்கும்போது அரசு பஸ் மட்டும் எப்படிப் பறந்து வரும்? சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்த பிறகும் வார இறுதியில் நிலைமை பெரிதாக மாறவில்லை. சுற்றுலாக்காரர்களின் நெரிசலுக்கு மலைப் பிள்ளைகள் அபராதம் கட்டுவது எந்த நியாயம் என்று பலமுறை கேட்டும் பதில் வரவில்லை. இது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது, சரி.

உங்கள் முதல்வர் விசாரணை இல்லாமல் ஆணை போடச் சொன்னால், உங்கள் கருத்தை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு அநியாயம் நடந்ததாக நினைக்கும் மாணவிக்கு, மாணவர் குறைதீர்க் குழு இருக்கிறது என்று சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த விவரத்தை விடுதி அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டிவையுங்கள்.