துபாய் மாநாட்டுக்கு 70,000 ரூபாய் கட்டலாமா?

ஐயா,

உங்கள் மகளுக்கு வந்த மின்னஞ்சலை முழுதாகப் படித்தேன். 'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று ஆரம்பித்து, துபாயில் நடக்கும் உலகப் பொது சுகாதார மாநாட்டுக்குச் சிறப்புப் பேச்சாளராக அழைத்து, கடைசிப் பத்தியில் 70,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்ட வேண்டாம். நகையை அடகு வைக்கும் பேச்சையும் இத்தோடு விட்டுவிடுங்கள்.

முறையான மாநாட்டில் நடைமுறையே வேறு. ஆய்வுச் சுருக்கத்தை முதலில் நாம் அனுப்ப வேண்டும். துறை தெரிந்தவர்கள் அதைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். தேறினால் மேடைப் பேச்சோ, ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி விளக்கும் போஸ்டரோ கிடைக்கும். இல்லையென்றால் 'வருந்துகிறோம்' என்று பதில் வரும். இதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். உங்கள் மகளோ ஒரு வரிகூட அனுப்பவில்லை. பல் மருத்துவம் முடித்து எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுகலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், ஒரே நாளில் பேராசிரியர் ஆகிவிட்டாள். தலைப்புப் பட்டியலைப் பாருங்கள்: புற்றுநோய், நர்சிங், கால்நடை, நானோ தொழில்நுட்பம் என எதையும் விட்டுவைக்கவில்லை. போனால் ஹோட்டலில் ஒரு ஹால், பேனர், சான்றிதழ் எல்லாம் இருக்கும். கேட்கத்தான் ஆள் இருக்காது.

அமைப்புக் குழுவில் பெரிய பெயர்கள் இருக்கின்றனவே என்று கேட்டிருந்தீர்கள். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமலேயே பெயரைப் போட்டுக்கொள்வது இந்த வியாபாரத்தில் பழைய வித்தை. ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்திவந்த, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016-இல் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. 2019-இல் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இனி இப்படி அழைப்பு வந்தால், பட்டியலில் உள்ள ஒருவரின் முகவரியை அவருடைய பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுத்து, "இந்த மாநாட்டில் நீங்கள் இருக்கிறீர்களா?" என்று மகளையே இரண்டு வரி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு மேடை ஏறினால்தான் வேலை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எம்.பி.எச். முடித்தவர்களுக்கு முதலில் அமைவது பெரும்பாலும் ஆய்வுத் திட்ட வேலைதான். அங்கே நேர்காணலில் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று கேட்பதில்லை. "சாம்பிள் எத்தனை பேர் என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? போன வீட்டில் ஆள் இல்லையென்றால் என்ன செய்தீர்கள்? டேட்டாவை யார் சரிபார்த்தது?" என்று கேட்பார்கள். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டுமானால் பயிற்சி வேண்டும். ஆகவே முதலில் பயிற்சி, அப்புறம் மாநாடு.

பயிற்சிக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் ஆவடிக்குப் பக்கத்திலேயே, அயப்பாக்கத்தில், ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. சுகாதார ஆய்வின் அடிப்படைகள் பற்றி அவர்கள் நடத்தும் இணைய வகுப்பு ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளத்தில் வந்திருக்கிறது. அந்தத் தளத்தில் படிக்கக் கட்டணமில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். ஆய்வுக் கேள்வியை எப்படி வடிப்பது, எந்த ஆய்வு முறையைத் தேர்ந்தெடுப்பது, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவிடம் எதைக் காட்டுவது என்று வரிசையாகச் சொல்லித்தருகிறார்கள். கூடவே புள்ளிவிவரக் கணக்குக்கான 'ஆர்' (R) மென்பொருளும் கற்றுக்கொள்ளட்டும். அதுவும் இலவசம்தான், ஆனால் முதல் மாதம் அழவைக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகு சார்ட் இட் (SORT IT) என்ற செயல்முறை ஆய்வுப் பயிற்சிக்கு முயலலாம். உலக சுகாதார நிறுவனத்தை மையமாகக் கொண்டு இயங்கும், வெப்பமண்டல நோய் ஆய்வுக்கான டி.டி.ஆர். திட்டம் அதை ஒருங்கிணைக்கிறது. கட்டுரையை எழுதி முடித்து ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினால்தான் அதில் தேர்ச்சி. உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சான்றிதழோடு வீடு திரும்ப முடியாது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

முதல் மாநாடு இந்தியாவிலேயே இருக்கட்டும். 1956-இல் தொடங்கிய இந்தியப் பொது சுகாதாரச் சங்கமும், 1974-இல் தொடங்கிய ஐ.ஏ.பி.எஸ்.எம். என்ற நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவச் சங்கமும் ஆண்டு மாநாடு நடத்துகின்றன. மாநாட்டையொட்டி நடக்கும் பயிலரங்குகளைத் தவறவிடக் கூடாது. என்னைக் கேட்டால் மேடைப் பேச்சுகளைவிட அவைதான் காசுக்குப் பெறுமானம். நாலைந்து வருட அனுபவம் வந்த பிறகு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சுகாதாரக் கட்டமைப்புகள் குறித்த உலக ஆய்வு மாநாட்டைக் குறிவைக்கலாம். 2024-இல் நாகசாகியில் நடந்தது. அதையொட்டி 'எமர்ஜிங் வாய்சஸ்' என்ற பெயரில் இளம் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, எப்படிப் பேசுவது என்றே பயிற்சி கொடுக்கிறார்கள். பயணச் செலவுக்கு ஐ.சி.எம்.ஆர். போன்ற அமைப்புகளின் உதவித்தொகைகள் உண்டு. ஆய்வுச் சுருக்கத்தை மாநாடு ஏற்றுக்கொண்ட கடிதம் கையில் இருந்தால்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்கவே முடியும். தகுதி, கடைசித் தேதி எல்லாவற்றையும் அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது அவள் செய்ய வேண்டியது ஆய்வுச் சுருக்கம். வீடு தேடி மருந்து கொடுக்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வாங்குபவர்கள் அதை விடாமல் சாப்பிடுகிறார்களா என்பதுதான் அவளுடைய தீசிஸ் என்று எழுதியிருந்தீர்கள். அருமையான தலைப்பு. 2021-இல் தொடங்கிய திட்டம். வெளி மாநிலத்தவர்களும் ஆர்வமாகக் கேட்பார்கள். அவள் அனுப்பிய வரைவைப் பார்த்தேன். சுமார் 300 சொல்லில் பாதிக்கு மேல் ரத்த அழுத்தம் எவ்வளவு ஆபத்தானது என்ற முன்னுரைக்கே போய்விட்டது. படிக்கப்போகிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும், இரண்டு வரி போதும். கடைசி வரியில் 'முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்' என்று முடித்திருக்கிறாள். நிராகரிக்க அந்த ஒரு வரி போதும். எந்த வட்டாரம், எத்தனை வீடு, யாரை எப்படித் தேர்ந்தெடுத்தாள், இத்தனை பேரில் இத்தனை பேர் மாத்திரையை விட்டுவிட்டார்கள், அதற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன என்று எண்ணோடு வர வேண்டும்.

அனுப்புவதற்கு முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டிச் சம்மதம் வாங்கட்டும். தீசிஸ் டேட்டாவை அவருக்குத் தெரியாமல் வெளியே அனுப்பினால், மாநாடு கிடைத்தாலும் கல்லூரியில் சங்கடம் வரும். எழுதியவர்கள் வரிசையில் யார் யார் பெயர் வரும் என்பதை அப்போதே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சில படிவங்களில் கேட்பார்கள். திருத்திய வரைவை அவளே எனக்கு அனுப்பட்டும்.